எத்தனை பர்சென்ட் போட்டிருக்காங்க?

நெய்வேலியில் வேலையிடத்து விபத்தில் கை, கால், கண் இழந்தவர்களின் வீட்டார் தேடி அலையும் இழப்பீடு: யாருக்கு, எவ்வளவு, எங்கே?

நகைக்கடையில் கொடுத்த சிவப்புக் கட்டைப்பை. ஒரு கைப்பிடி அறுந்து, அந்த இடத்தில் நைலான் கயிறு. மந்தாரக்குப்பத்தை ஒட்டிய ஒரு தெருவில், சிமென்ட் ஷீட் போட்ட வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, அந்த அக்கா பைக்குள்ளிருந்து ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் பரப்புகிறார். எக்ஸ்ரே கவர் இரண்டு. டிஸ்சார்ஜ் சம்மரி. ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேட்டின் நகலான ஏ.ஆர். காப்பி. ஆதார் ஜெராக்ஸ் ஏழெட்டு. ரப்பர் பேண்ட் போட்ட மருந்துக்கடை பில்கள். அவற்றில் பாதி வெறும் வெள்ளைத்தாள் ஆகிவிட்டன. நெய்வேலியில் தெர்மல் என்றால் குழந்தைகூடப் புகைபோக்கியைக் கை காட்டும். இங்கே வெளுத்துப்போனது தெர்மல் பேப்பர். வெயிலும் வியர்வையும் பட்டால் அதில் எழுத்து நிற்காது.

"இதுல எது முக்கியம்னு தெரியல சார். அதனால ஒண்ணத்தையும் தூக்கிப் போடல."

உள்ளே கட்டிலில் தம்பி. விபத்து நடந்தபோது வயது 30. வலது கையைத் துண்டால் மூடி மடியில் வைத்திருக்கிறார். வெளியூரில், ஒரு தனியார் பட்டறையில், பிரஸ் மெஷினில் வேலை. 2024 ஆடி மாதம் ஒருநாள், தகட்டை எடுக்கக் கை உள்ளே போன நேரத்தில் மெஷின் இன்னொரு முறை இறங்கியது. கட்டைவிரல் தவிர நான்கு விரல்களும் போயின. பட்டறையின் பெயர் வேண்டாம், கேஸ் நடக்கிறது என்றார்கள். எழுதவில்லை.

அன்றிலிருந்து இந்த வீட்டுக்கு வருகிற அத்தனை பேரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான். வலி எப்படி இருக்கிறது என்றுகூட இல்லை. "எத்தனை பர்சென்ட் போட்டிருக்காங்க?"

வெடித்த நாளும் வெடிக்காத நாட்களும்

1930-களில் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் கிணறு தோண்டியபோது தலைகாட்டிய பழுப்பு நிலக்கரி, 1956-ல் ஒரு பொதுத்துறை நிறுவனமாகி, பிறகு ஓர் ஊராகவே ஆன கதை தமிழ்நாட்டுக்குத் தெரிந்ததுதான். வட்டம் வட்டமாக எண் போட்ட வீதிகள், மரம் மூடிய குவார்ட்டர்ஸ், ஆர்ச் கேட், க்யூ பாலம். அந்த வளாகத்துக்கு வெளியே மந்தாரக்குப்பம், வடக்குத்து, இந்திரா நகர் என்று சுற்றிலும் ஒப்பந்தத் தொழிலாளர்களின் வீடுகள். ஷிஃப்ட் சங்கு எல்லாருக்கும் ஒன்றுதான். சம்பளச் சீட்டு வேறு வேறு.

2020 ஜூலை 1. இரண்டாவது அனல்மின் நிலையத்தின் ஐந்தாவது யூனிட்டில், காலை வேலை சூடு பிடிக்கிற நேரத்தில் கொதிகலன் பகுதி வெடித்தது. ஆறு பேர் அங்கேயே இறந்தார்கள். தீக்காயத்துடன் சென்னைக்குக் கொண்டுபோனவர்களில் பலர் அடுத்தடுத்த நாட்களில் இறக்க, எண்ணிக்கை பத்தைத் தாண்டியது. அதற்கு முன், இரண்டு மாதம்கூட ஆகாத இடைவெளியில், மே 7 அன்று, அதே நிலையத்தின் ஆறாவது யூனிட்டில் ஒரு வெடிப்பு நடந்து உயிர்கள் போயிருந்தன. கொரோனா ஊரடங்கு நேரம். ஆஸ்பத்திரி வாசலில் கூடி அழக்கூட ஆளுக்கு அனுமதி இல்லாத காலம்.

ஜூலை வெடிப்புக்குப் பிறகு அறிவிப்புகள் வந்தன. இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம், காயமடைந்தவருக்கு 5 லட்சம் என்றது நிறுவனம். முதலமைச்சர் நிவாரண நிதியிலிருந்து இறந்தவர் குடும்பத்துக்கு 3 லட்சம், பலத்த காயத்துக்கு 1 லட்சம், லேசான காயத்துக்கு 50,000 என்றது மாநில அரசு. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்து, இடைக்காலமாக 5 கோடி ரூபாய் கட்டச் சொன்னது.

ஒரு தற்செயல். இந்தியாவின் முதல் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் 1923-ல் இயற்றப்பட்டு, நடைமுறைக்கு வந்த நாள் 1924 ஜூலை 1. வெடிப்பு நடந்த அன்று அந்தச் சட்டத்துக்குச் சரியாக 96 வயது. அத்தனை வயதான சட்டத்தைப் பற்றி, அதனால் பலன் பெற வேண்டிய வீடுகளில் கேட்டுப் பாருங்கள். அறிவிப்புத் தொகை ஞாபகம் இருக்கும். சட்டத்தின் பெயர் தெரியாது.

தப்பு அவர்கள் மேல் இல்லை. ஒரே நாளில் ஆறு பேர் போனால் அமைச்சர் வருவார், கேமரா வரும், தொகை அறிவிப்பார்கள். ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை, கன்வேயர் பெல்ட்டில் ஒருவரின் கை மட்டும் போனால் யாரும் அறிவிக்க மாட்டார்கள். அறிவிப்பு என்பது கருணைத் தொகை, கொடுப்பவர் மனசு. இழப்பீடு என்பது கடன். கொடுத்தே ஆக வேண்டியது, தவறினால் வட்டி ஏறும். வெடிக்காத நாட்களில் கை இழந்தவருக்கு இருப்பது இரண்டாவது மட்டும்தான். அதைத்தான் தேடிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது.

ரெகுலர் கை, கான்ட்ராக்ட் கை

ஒரே பெல்ட்டில் இரண்டு பேருக்குக் கை போகிறது என்று வையுங்கள். ஒருவர் ரெகுலர், ஒருவர் கான்ட்ராக்ட்.

ரெகுலர் ஊழியருக்கு 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஒரு பெரிய கவசம். அரசு நிறுவனம் எதுவும், பணியில் இருக்கும்போது ஊனமுற்றவரை வேலையை விட்டு எடுக்கக் கூடாது, பதவி இறக்கக் கூடாது என்கிறது அதன் 20-ஆம் பிரிவு. பார்த்த வேலையைப் பார்க்க முடியாவிட்டால் அதே சம்பளத்தில் வேறு வேலை. அப்படி ஒரு இடம் இல்லையென்றால், இடம் வரும்வரையோ ஓய்வு வயது வரையோ கூடுதல் பணியிடம் ஒன்றை உருவாக்கி அதில் வைக்க வேண்டும். பொதுத்துறை நிறுவனங்களும் இந்த 'அரசு நிறுவனம்' என்ற சொல்லுக்குள் அடங்கும்.

கான்ட்ராக்ட் தொழிலாளிக்கு முதலாளி யார் என்பதிலேயே சிக்கல். கேட் பாஸ் ஒருவர் கொடுப்பார், சம்பளம் இன்னொருவர் போடுவார், வேலை சொல்வது மூன்றாமவர். கான்ட்ராக்டர் அடுத்த டெண்டரில் இல்லாமலே போய்விடலாம். அந்த 20-ஆம் பிரிவின் கதவு இவருக்கு அநேகமாகத் திறக்காது. கையோடு வேலையும் போகும்.

ஆனால் இழப்பீட்டு விஷயத்தில் 1923 சட்டம் வியக்கத்தக்க அளவுக்குத் தெளிவாக இருந்தது. அதன் 12-ஆம் பிரிவு சொல்வது இதுதான்: தன் தொழிலின் வழக்கமான வேலையை ஒப்பந்தக்காரர் மூலம் செய்விக்கிற முதன்மை முதலாளி, அந்த ஒப்பந்தக்காரரின் தொழிலாளிக்குத் தன் தொழிலாளிக்குக் கொடுப்பதைப் போலவே இழப்பீடு கொடுக்க வேண்டும். கொடுத்துவிட்டு ஒப்பந்தக்காரரிடம் வசூல் செய்துகொள்ளட்டும், அது அவர்கள் இருவர் பாடு. தொழிலாளி யாரை வேண்டுமானாலும் கேட்கலாம். ஆக, 'அவன் எங்க ஆள் இல்லையே' என்ற பதில் எந்த கேட்டிலும் செல்லாது. மனுப் போடும்போது இருவரையும் எதிர்மனுதாரராகச் சேர்க்க வேண்டும் என்பதுதான் இதன் நடைமுறை அர்த்தம். ஒருவரை விட்டுவிட்டால், விசாரணையில் இருப்பவர் விட்டவரைக் கை காட்டிவிட்டு உட்கார்ந்துகொள்வார்.

மூன்று பர்சென்ட்

இனி அந்தக் கேள்விக்கு வருவோம். எத்தனை பர்சென்ட்?

எந்த பர்சென்ட் என்று திருப்பிக் கேட்க வேண்டும். ஒரே கைக்கு மூன்று பர்சென்ட் இருக்கிறது. மூன்றும் மூன்று இடத்தில். இது தெரியாமல்தான் பல குடும்பங்கள் லட்சக்கணக்கில் இழக்கின்றன.

முதலாவது, மாற்றுத்திறனாளி அடையாள அட்டையில் வருவது. அரசு மருத்துவமனையில் மருத்துவர்கள் பார்த்துப் போடுவது. 40 பர்சென்டும் அதற்கு மேலும் இருந்தால் இடஒதுக்கீடு, உதவித்தொகை, பயணச் சலுகை. இழப்பீட்டுக்கும் இதற்கும் நேரடித் தொடர்பே இல்லை.

இரண்டாவது, இழப்பீட்டுச் சட்டத்தின் முதல் அட்டவணை. படித்தால் இறைச்சிக் கடை விலைப்பலகை மாதிரிதான் இருக்கும், வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. கட்டைவிரல் 30. ஆள்காட்டி விரல் முழுதும் 14. நடுவிரல் முழுதும் 12. ஒரு கையில் நான்கு விரல்கள் 50. ஒரு கண், மற்றது நன்றாக இருந்தால், 40. தோள்பட்டையோடு கை போனால் 90. இரண்டு கையும் போனால், இரண்டு காதும் முழுதாகச் செவிடானால், முகம் மிகக் கோரமாகச் சிதைந்தால் 100.

மூன்றாவதுதான் உண்மையான பர்சென்ட். அந்த உறுப்பு போனதால் அந்த மனிதனின் சம்பாதிக்கும் சக்தி எவ்வளவு போனது? ஒடிசாவின் ஜெய்ப்பூர் பக்கம், 1968 ஜூலையில், ஒரு சினிமா தியேட்டரில் அலங்கார வேலை செய்துகொண்டிருந்த தச்சர் கீழே விழுந்தார். இடது கையை முழங்கைக்கு மேல் எடுக்க வேண்டியதாயிற்று. தியேட்டர்காரர், இது பகுதி ஊனம்தானே என்றார். இழப்பீட்டு வழக்குகளை விசாரிக்கும் ஆணையர், ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய முடியாது, எனவே நூறு பர்சென்ட் என்றார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 1975-ல் பிரதாப் நாராயண் சிங் தேவ் எதிர் ஸ்ரீநிவாச சபதா வழக்கில் நீதிமன்றம் ஆணையர் சொன்னதே சரி என்றது. இழப்பீடு விபத்து நடந்த நாளிலேயே கடனாகிவிடுகிறது, தீர்ப்பு வந்த நாளில் அல்ல என்பதும் அந்தத் தீர்ப்பில்தான். பிறகு 2010-ல், ராஜ்குமார் எதிர் அஜய்குமார் என்ற சாலை விபத்து வழக்கில், உடலின் ஊன சதவீதமும் வருமான இழப்பின் சதவீதமும் ஒன்றல்ல என்று உச்ச நீதிமன்றம் விளக்கிச் சொன்னது. இடது கை போனால் டிரைவருக்கும் தச்சருக்கும் பிழைப்பே போச்சு. எழுத்தர் வேலை தொடரலாம்.

அக்காவின் பையில் இருந்த அட்டையில் ஐம்பதுக்கும் குறைவான ஓர் எண். எதிர்த்தரப்பு அதைத்தான் கேட்டு வாங்கிப் பார்த்ததாம். 'சர்க்காரே இவ்வளவுதானே போட்டிருக்கு' என்று வாதிட வசதி. பிரஸ் மெஷின் ஓட்டுகிறவனுக்கு வலது கையில் நான்கு விரல் இல்லையென்றால் என்ன மிச்சம் என்று மருத்துவர் ஒருவர் ஆணையர் முன் வந்து சொன்னால்தான் கணக்கு மாறும். அந்த மருத்துவரைக் கூண்டுக்கு வரவழைப்பதுதான் கேஸில் பாதி வேலை.

[பெட்டி] அக்கா போட்ட கணக்கு

நிரந்தர முழு ஊனத்துக்கு 1923 சட்டத்தின் சூத்திரம்: மாதச் சம்பளத்தில் 60 சதவீதம், அதை வயதுக்கான காரணியால் பெருக்கு. சம்பளம் எவ்வளவு வாங்கினாலும் 2020 ஜனவரி 3 முதல் கணக்குக்கு எடுப்பது அதிகபட்சம் 15,000 ரூபாய். அதற்கு முன் அது 8,000.

வயது 30-க்குக் காரணி 207.98. வயது 40-க்கு 184.17. வயது 50-க்கு 153.09.

15,000-ல் 60 சதவீதம் 9,000. பெருக்கினால் 18,71,820 ரூபாய். இது நூறு பர்சென்டுக்கு.

நான்கு விரலுக்கு அட்டவணைப்படி 50 பர்சென்ட்: 9,35,910 ரூபாய்.

சம்பளச் சீட்டில் 9,000 என்று மட்டும் காட்டியிருந்தால் அதே 50 பர்சென்டுக்கு: 5,61,546 ரூபாய். கையில் 15,000 வாங்கி, சீட்டில் 9,000 எழுதிக்கொண்டதன் விலை 3,74,364 ரூபாய்.

விபத்து நடந்து ஒரு மாதத்துக்குள் கொடுக்காவிட்டால் ஆண்டுக்கு 12 சதவீத வட்டி. காரணமில்லாமல் இழுத்தடித்தால் தொகையில் பாதி வரை அபராதமும் விதிக்கலாம். சிகிச்சைக்கு ஆன செலவு இந்தக் கணக்கில் சேராது. பில் காட்டி அதைத் தனியாக வாங்க வேண்டும்.

"எல்லாம் பேசி முடிச்சாச்சு"

பையின் அடியிலிருந்து கடைசியாக ஒரு தாள் வந்தது. கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்தது, ஜெராக்ஸ். 'எனக்கு ஏற்பட்ட காயத்துக்காக ரூபாய் ஐம்பதாயிரம் முழுத் திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன். இனி எந்தக் கோரிக்கையும் இல்லை.' கீழே இடது கைப் பெருவிரல் ரேகை. விபத்து நடந்த நான்காம் நாள். வலது கை அப்போது கட்டுக்குள் இருந்தது.

இந்தத் தாளைப் பார்த்துத்தான் குடும்பம் ஒன்றேகால் வருடம் சும்மா இருந்தது. கையெழுத்துப் போட்டாச்சு, இனி என்ன கேட்பது என்று.

அந்தத் தாளுக்குக் காதோலை கருகமணி விலைகூடக் கிடையாது. இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுக்கிற எந்த ஒப்பந்தமும் அந்த அளவுக்குச் செல்லாது என்பது சட்டத்தின் 17-ஆம் பிரிவு. இரு தரப்பும் மனமொத்துத் தொகை பேசினாலும் அந்த உடன்படிக்கையை ஆணையரிடம் பதிவு செய்ய வேண்டும். தொகை போதாது, மோசடி அல்லது மிரட்டலால் வாங்கியது என்று தெரிந்தால் அவர் பதிவு செய்ய மறுக்கலாம். பதிவே செய்யாவிட்டால் முழுத் தொகைக்கும் முதலாளி பொறுப்பு.

அடுத்த ஆயுதம், 'உங்க ஆளு மேலதான் தப்பு'. ஹெல்மெட் போடவில்லை, கையுறை போடவில்லை, சொன்னதைக் கேட்கவில்லை. கவனக்குறைவு என்பது இந்தச் சட்டத்தில் ஒரு பதிலே இல்லை. குடித்திருந்தது, பாதுகாப்பு விதியை வேண்டுமென்றே மீறியது, பாதுகாப்புச் சாதனத்தை வேண்டுமென்றே கழற்றியது, இந்த மூன்றைத்தான் முதலாளி சொல்லலாம். அதையும் அவரே நிரூபிக்க வேண்டும். இறப்பிலும் நிரந்தர முழு ஊனத்திலும் அந்த மூன்றும்கூட எடுபடாது. யார் தப்பு என்று பார்க்காமல் கொடு என்பதுதான் இழப்பீட்டுச் சட்டத்தின் உயிர்.

2017-ல் ஒரு திருத்தம் வந்தது. வேலைக்குச் சேர்க்கும்போதே, உனக்கு இழப்பீட்டு உரிமை உண்டு என்று தொழிலாளிக்குப் புரிகிற மொழியில் எழுத்தில் தெரிவிக்க வேண்டும்; தெரிவிக்காவிட்டால் 50,000 முதல் ஒரு லட்சம் வரை அபராதம். அப்படி ஒரு தாளை வாங்கியதாகத் தம்பிக்கு ஞாபகம் இல்லை. "சேர்றப்போ ஆதாரும் ரெண்டு போட்டோவும் கேட்டாங்க. அவ்ளோதான்."

சுரங்கமா, ஆலையா?

நெய்வேலியில் விபத்து நடந்தால் உடனே பிரிக்க வேண்டிய கேள்வி இது. வெளியூர்க்காரர்களுக்கு எல்லாம் ஒரே கம்பெனி. சட்டத்துக்கு அப்படி இல்லை. சுரங்கத்துக்குள் நடந்தது 2025 நவம்பர் வரை 1952 சுரங்கச் சட்டத்தின் எல்லை. பார்க்கிறவர்கள் மத்திய அரசின் சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகத்தினர். அனல்மின் நிலையத்தில் நடந்தது அதுவரை ஆலைச் சட்டத்தின் எல்லை. பார்க்கிறவர்கள் மாநில அரசின் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தினர். விபத்து அறிக்கை எங்கே போயிருக்கிறது, அதன் நகலை எங்கே கேட்பது என்பது இதைப் பொறுத்தது. அந்த அறிக்கையின் நகல் கிடைத்துவிட்டால், 'அவர் எங்களிடம் வேலையே பார்க்கவில்லை' என்ற பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) விஷயத்திலும் இதே கோடு குறுக்கே ஓடியது. சுரங்கச் சட்டத்துக்கு உட்பட்ட சுரங்கத்தை ஈ.எஸ்.ஐ. சட்டம் 'ஆலை' என்று எடுத்துக்கொண்டதில்லை. மற்ற இடங்களில் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து, ஈ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தால், இழப்பீட்டு ஆணையரிடம் போகவே முடியாது, ஈ.எஸ்.ஐ. மட்டும்தான். பலர் இதைக் கேட்டுச் சோர்ந்துவிடுகிறார்கள். சோரத் தேவையில்லை. வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சராசரிக் கூலியில் 90 சதவீதம் வரும். நிரந்தர ஊனம் என்றால் மருத்துவ வாரியம் போடுகிற வருமான இழப்புச் சதவீதத்துக்கு ஏற்ப மாதாமாதம், ஆயுள் முழுக்க. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே விபத்து நடந்தாலும் உண்டு. மொத்தமாக வாங்கிக் கடனை அடைத்து, மச்சு வீடு கட்டத் தொடங்கி, பாதியில் நிற்பதைவிட மாதாமாதம் வருவது மேல் என்பது என் கட்சி. வீட்டுக்கு வீடு இதில் சண்டை உண்டு.

அக்காவின் தம்பிக்கு ஈ.எஸ்.ஐ. பிடித்தமே இல்லை. அதனால்தான் ஆணையர்.

[பெட்டி] முதல் முப்பது நாளில்

அரசு ஆஸ்பத்திரியோ தனியாரோ, சேர்க்கும்போது 'வேலை செய்யும்போது மெஷினில் அடிபட்டது' என்று ஏ.ஆர். காப்பியில் எழுதச் சொல்லுங்கள். 'வண்டியிலிருந்து விழுந்தார்' என்று எழுதச் சொல்லிக் கூட வந்தவர் கேட்டால், காரணம் இருக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள்.

விபத்து பற்றி முதலாளிக்கும், கான்ட்ராக்ட் என்றால் முதன்மை நிறுவனத்துக்கும், எழுத்தில் நோட்டீஸ். ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபால்.

கேட் பாஸ், வருகைப் பதிவு, சம்பளம் ஏறிய வங்கிப் புத்தகம், கூட வேலை பார்த்த இருவரின் பெயர். போனில் இருக்கும் ஷிஃப்ட் வாட்ஸப் தகவலும் சாட்சிதான்.

மருந்து பில்லை வாங்கிய அன்றே ஜெராக்ஸ்.

இழப்பீட்டு மனுவுக்கு விபத்திலிருந்து இரண்டு ஆண்டு அவகாசம். குடியிருக்கும் ஊருக்குரிய ஆணையரிடமே போடலாம். விபத்து நடந்த ஊருக்கு அலைய வேண்டாம். தமிழ்நாட்டில் தொழிலாளர் துறையின் மூத்த அதிகாரிகள் இந்தப் பொறுப்பைப் பார்க்கிறார்கள்.

வழக்கறிஞருக்குப் பணம் இல்லையென்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு. பெண்கள், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள் வருமானம் பார்க்காமலே இலவச உதவிக்கு உரியவர்கள். தொலைபேசி 15100.

பி.எஃப். பிடித்தம் இருந்ததா என்று பாருங்கள். பணியில் இருக்கும்போது நிரந்தர முழு ஊனம் என்றால் பத்து வருடச் சேவை இல்லாமலே ஊன ஓய்வூதியம் உண்டு. ஒரு மாதச் சந்தா கட்டியிருந்தால் போதும்.

சட்டம் மாறிவிட்டதே?

மாறிவிட்டது. 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. 1923 சட்டமும் ஈ.எஸ்.ஐ. சட்டமும் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் போய்விட்டன. ஆணையர் என்ற பெயர் 'தகுதிவாய்ந்த அதிகாரி' ஆகிறது. ஆனால் முதன்மை முதலாளியின் பொறுப்பு, விட்டுக்கொடுக்க முடியாத உரிமை, உறுப்புப் பட்டியல், வயதுக் காரணி எல்லாம் புதிய வீட்டுக்குக் குடிபோன பழைய சாமான்கள்தான்.

வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் நடக்கும் விபத்தைத் தொகுப்பு வெளிப்படையாகச் சேர்த்திருக்கிறது. இரவு ஷிஃப்ட் முடிந்து மொபெட்டில் வடக்குத்துக்கும் பண்ருட்டிக்கும் திரும்புகிற ஊரில் இது சிறிய விஷயம் இல்லை. நேரம், இடம், சூழல் மூன்றும் வேலையோடு பொருந்த வேண்டும். வழியில் வேறு வேலையாகப் போனால் சிக்கல். பழைய விபத்துகளுக்கும் வழி இருக்கிறது: சர்க்கரை ஆலைக் காவலாளி ஒருவர் 2003-ல் ஆலைக்கு ஐந்து கிலோமீட்டர் தூரத்தில் இறந்த வழக்கில், வேலைக்குப் போகும் வழி விபத்தும் பழைய சட்டத்துக்குள் வரும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தக் குடும்பம் காத்திருந்தது 22 வருடம்.

[பெட்டி] சிங்கப்பூரில் என்றால்

கடலூர் மாவட்டத்திலிருந்து சிங்கப்பூர்க் கட்டுமான வேலைக்குப் போனவர்கள் நிறையப் பேர். அங்கே அவகாசம் இரண்டு ஆண்டு அல்ல, விபத்திலிருந்து ஒரே ஆண்டு. 2019-ஆம் ஆண்டின் வேலைக் காய இழப்பீட்டுச் சட்டம் வெளிநாட்டுத் தொழிலாளிக்கும் பொருந்தும். யார் தப்பு என்று பார்ப்பதில்லை. ஊருக்கு அனுப்பிவிட்டால் உரிமை முடிந்தது என்று நினைத்து விமானம் ஏறிவிடாதீர்கள். மனிதவள அமைச்சகத்தில் விபத்து பதிவாகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

பட்டியலில் இல்லாத கை

தம்பியின் கையைப் பற்றி இவ்வளவு எழுதியாயிற்று. அக்காவின் கை பற்றி எந்த அட்டவணையிலும் ஒரு வரி இல்லை.

அவர் முந்திரிக்கொட்டை உடைக்கப் போய்க்கொண்டிருந்தவர். முந்திரிப் பால் பட்டு விரல் நுனிகள் கறுத்து, தோல் உரிந்து மறுபடி வளர்ந்த விரல்கள். தம்பிக்கு அடிபட்ட நாளிலிருந்து வேலைக்குப் போவது நின்றது. ஜிப்மர் ஆஸ்பத்திரிக்குப் போக அதிகாலை பஸ், டோக்கன், ட்ரெஸ்ஸிங், திரும்பி வர இருட்டு. வாரம் இரண்டு முறை, ஆறு மாதம். தம்பி மனைவி கைக்குழந்தைக்காரி. அலைய வேறு ஆள் இல்லை. சுய உதவிக் குழுவில் வாங்கிய கடன், பிறகு கம்மல், பிறகு தாலியில் இருந்த குண்டுமணிகள். 'தற்காலிக ஊனத்துக்கு அரை மாதத்துக்கு ஒருமுறை சம்பளத்தில் கால் பங்கு' என்று சட்டம் சொல்கிற பணம் வந்திருந்தால் கம்மல் காதிலேயே இருந்திருக்கும். 15,000 சம்பளத்துக்கு அது பதினைந்து நாளுக்கு 3,750 ரூபாய். முதலாளி கேட்காமலே கொடுக்க வேண்டியது. ஒரு முறைகூட வரவில்லை.

மாநில அரசின் மாற்றுத்திறனாளி உதவித்தொகை 2023 ஜனவரியில் 1,500 ரூபாய் ஆனது. அதற்கு வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாலுகா ஆபீஸ். அதற்கும் அக்காதான் போனார். "அங்க போனா இங்க போங்கறாங்க, இங்க வந்தா கார்டு எடுத்துட்டு வாங்கறாங்க. கார்டுக்குப் போனா ரேகை விழலங்கறாங்க."

ரேகை. இதை யாரும் முன்கூட்டி யோசிப்பதில்லை. ரேஷன் கடை மெஷினில் தம்பி பழக்கமாக வைத்தது வலது ஆள்காட்டி விரல். ஆதாரில் புதிதாகப் பதிய வேண்டியிருந்தது. வங்கியில் கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். அவருக்கு வலது கையால் போடத் தெரிந்த கையெழுத்து இனி உலகத்தில் கிடையாது. நாளை ஆணையர் உத்தரவு போட்டு, தொகை கணக்கில் ஏறினாலும், எடுக்கக் கையெழுத்து வேண்டும்.

மனு போட்டது இரண்டு ஆண்டு முடிய சில மாதங்களே இருக்கும்போது. மூன்று வாய்தா ஆகிவிட்டது. எதிர்த்தரப்பு ஒருமுறை வரவில்லை, ஒருமுறை அவகாசம் கேட்டது, ஒருமுறை ஆணையர் வேறு வேலையாகப் போயிருந்தார். அடுத்த வாய்தாவுக்கு மருத்துவருக்குச் சம்மன் அனுப்பக் கேட்டிருக்கிறார்கள்.

நாங்கள் கிளம்பும்போது அக்கா தாள்களை அடுக்கிப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். வெளுத்த பில்களையும் விடவில்லை. தம்பி கட்டிலை விட்டு எழுந்து வந்து திண்ணையில் உட்கார்ந்தார். பக்கத்தில் அவர் மூத்த மகளின் நாலு கோடு நோட்டு. ஒன்றாம் வகுப்பு. முதல் பாதியில் அவள் எழுதிய ஆனா, ஆவன்னா. திருப்பினால், நடுப்பக்கத்திலிருந்து, அவர் இடது கையால் எழுதிப் பழகும் தன் பெயர். கோட்டுக்குள் நிற்காமல் மேலும் கீழும் சாய்ந்துகொண்டு, பக்கம் பக்கமாக.

"இன்னும் ஒரே மாதிரி வரல" என்றார்.